ஷோகுன்: படை பெருத்தவரை விட நெல் கணக்கு அறிந்தவரே வெல்லும் ஆட்டம்

முதலில் எந்த ஷோகுன் என்று சொல்லிவிடுவோம். இந்தப் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட போர்டு கேம்கள் இருக்கின்றன. 1986-இல் மில்டன் பிராட்லி வெளியிட்டது ஒன்று. அது பிறகு சாமுராய் சோர்ட்ஸ் என்றும், 2011-இல் இக்குசா என்றும் பெயர் மாறி வந்தது. பகடை உருட்டி நாடு பிடிக்கும் ஆட்டம் அது. இங்கே பேசப்போவது வேறு: டிர்க் ஹென் வடிவமைத்து, ஜெர்மனியின் குயீன் கேம்ஸ் 2006-இல் வெளியிட்ட ஷோகுன். 2002-இல் அவரே செய்த வாலன்ஸ்டைன் என்ற ஆட்டத்தின் விதிகளை ஜெர்மனியின் முப்பதாண்டுப் போரிலிருந்து எடுத்து, ஜப்பானின் செங்கோக்கு காலத்துக்கு, அதாவது பிரபுக்கள் ஒருவரோடொருவர் போரிட்ட காலத்துக்கு, கொண்டுவந்தது. பழைய பிரதி தேடி வாங்குபவர்கள் அட்டையில் குயீன் கேம்ஸ் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பெயர் மட்டும் பார்த்து வாங்கினால் வேறு ஆட்டம் வந்து சேரும்.

மூன்று முதல் ஐந்து பேர் ஆடலாம். ஓடா நொபுனாகா, டொகுகாவா இயெயாசு, ஹிதெயோஷி, டகேதா ஷிங்கென், உயேசுகி கென்ஷின் என ஐந்து டைமியோக்கள் (நிலப்பிரபுக்கள்), ஆளுக்கு ஒருவர். இவர்களுக்குள் பலத்தில் வேறுபாடு கிடையாது, நிறம்தான் வேறு. நிறத்துக்கு 62 மரக்கட்டைகள், ஆக 310. அவைதான் படை. இவை போக உழவர்களுக்கென்று பச்சைக் கட்டைகள், ஆளுக்கொரு திட்டப் பலகை, இருபுறமும் அச்சிட்ட வரைபடம், போர் வரும்போது கட்டைகளைப் போட்டு முடிவு காண அட்டையால் ஆன ஒரு கோபுரம்.

இத்தனை படையைப் பார்த்ததும் புதியவர்கள் செய்வது ஒன்றுதான்: பக்கத்து மாகாணத்தின் மேல் பாய்வார்கள். முதல் குளிர்காலம் வரும்போது கையில் பத்துப் பன்னிரண்டு மாகாணங்களும் ஐந்தாறு நெல்லும் இருக்கும். அங்கேயே ஆட்டம் கைவிட்டுப் போய்விடும். ஷோகுனைக் கற்றுக்கொள்வது என்றால் குளிர்காலத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வதுதான். விதிப்புத்தகம் அதைக் கடைசியில் சொல்கிறது. சொல்லிக்கொடுப்பவர் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

குளிர்காலம்

ஆட்டம் மொத்தம் இரண்டே ஆண்டுகள். ஒவ்வோர் ஆண்டிலும் வசந்தம், கோடை, இலையுதிர் என மூன்று பருவங்கள் வேலைக்கு. நான்காவதான குளிர்காலம் கணக்குத் தீர்க்க. அப்படியானால் வேலை செய்யக் கிடைப்பது ஆறு பருவங்கள், புள்ளி பெறுவது இரண்டே முறை. இந்த எண்களை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

குளிர்காலத்தில் முதலில் நெல் அழியும். எவ்வளவு என்பதை அந்த ஆண்டின் நிகழ்வு கார்டுகளில் ஒன்று சொல்லும். மீதியில், உங்களிடம் உள்ள ஒவ்வொரு மாகாணத்துக்கும் 1 நெல் வேண்டும். போதாவிட்டால் பற்றாக்குறையின் அளவுக்கேற்ப உங்கள் மாகாணங்களில் கிளர்ச்சி வெடிக்கும். எந்த மாகாணம் என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல்தான். ஒற்றைக் கட்டை நிற்கும் மாகாணத்தில் கிளர்ச்சி விழுந்தால் அநேகமாக அது போய்விடும். கட்டிய கோட்டையும் அதோடு போகும்.

அதன் பிறகு புள்ளிகள். மாகாணத்துக்கு 1. கட்டடத்துக்கு 1, அது கோட்டையோ, கோயிலோ, நோ என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் அரங்கோ எதுவானாலும். பிறகு வரைபடத்தின் ஐந்து வட்டாரங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டும்: அந்த வட்டாரத்தில் யாரிடம் கோட்டை அதிகமோ அவருக்கு 3, கோயில் அதிகமோ அவருக்கு 2, அரங்கு அதிகமோ அவருக்கு 1. சமநிலை என்றால் சமமாக இருப்பவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி குறைத்துக் கிடைக்கும். கோட்டைக்கு 2, கோயிலுக்கு 1, அரங்குக்கு ஒன்றுமில்லை.

இதை வைத்து ஒரு சிறு கணக்கு. கோட்டை கட்ட 3 பணம், கோயிலுக்கு 2, அரங்குக்கு 1. (பணம் என்பது இங்கே சின்ன மரப்பெட்டிகள், ஒரு பெட்டி ஒரு பணம்.) முதல் ஆண்டிலேயே ஒரு கோட்டை கட்டி, வட்டார முதலிடத்தையும் இரண்டு குளிர்காலமும் தக்கவைத்தால் கிடைப்பது 4-ம் 4-மாக 8 புள்ளி. கோயில் என்றால் 6. அரங்கு என்றால் 4. பணத்துக்கு எவ்வளவு புள்ளி என்று பார்த்தால் அரங்குதான் லாபம்: ஒரு பணத்துக்கு 4. கோட்டையில் ஒரு பணத்துக்கு மூன்றுகூடத் தேறாது. ஆனால் ஒரு பருவத்தில் ஒரு கோட்டை, ஒரு கோயில், ஒரு அரங்கு என்பதற்கு மேல் யாராலும் கட்ட முடியாது. அதனால் பணம் இருக்கும் பருவத்தில் கோட்டையைத் தவறவிடக் கூடாது, பணம் இல்லாத பருவத்தில் அரங்கையாவது கட்டாமல் விடக் கூடாது. "மூன்று பணம் சேரட்டும், கோட்டையாகவே கட்டலாம்" என்று முதல் வசந்தத்தில் சும்மா இருப்பவர், இரண்டு குளிர்காலமும் வரவேண்டிய புள்ளியை இழக்கிறார்.

ஒரே மாகாணத்தில் ஒரே வகைக் கட்டடம் இரண்டு கூடாது. மாகாணத்துக்கு ஏற்ப கட்டட இடங்களின் எண்ணிக்கையும் மாறும். இடம் அதிகமுள்ள மாகாணங்களைத்தான் எல்லோரும் குறிவைப்பார்கள் என்பதால், தொடக்கத்தில் மாகாணம் எடுக்கும்போதே அவற்றைப் பார்த்து எடுங்கள்.

பத்து வேலை, பத்தாத மாகாணம்

ஒவ்வொரு பருவத்திலும் பத்து வேலைகள். கோட்டை, கோயில், அரங்கு கட்டுவது மூன்று. நெல் பறிமுதல், வரி வசூல் இரண்டு. படை சேர்ப்பது மூன்று: 3 பணத்துக்கு 5 கட்டை, 2 பணத்துக்கு 3 கட்டை, 1 பணத்துக்கு 1 கட்டையும் அதோடு ஒரு நகர்வும். கடைசியாகப் படையெடுப்பு அல்லது நகர்வு இரண்டு. இந்தப் பத்தும் எந்த வரிசையில் நடக்கும் என்பது பருவத்துக்குப் பருவம் குலுக்கிப் போடப்படும். திட்டமிடும்போது முதல் ஐந்து மட்டும் கண்ணுக்குத் தெரியும், பின் ஐந்து கவிழ்த்தே இருக்கும்.

திட்டப் பலகையில் பத்து வேலைக்கும் பத்து இடம் உண்டு. எந்த வேலையை எந்த மாகாணத்தில் செய்யப்போகிறீர்களோ, அந்த மாகாணத்தின் கார்டை அந்த இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். செய்ய விரும்பாத வேலைக்கு, ஏலத்துக்கென்று கையில் உள்ள பணக் கார்டு ஒன்றை வெற்றாக வைக்கலாம். எல்லோரும் ஒரே நேரத்தில், மறைவாக வைக்கிறார்கள். பிறகுதான் ஒவ்வொரு வேலையாகத் திறந்து நடத்துவது.

ஒரு மாகாணத்துக்கு ஒரே கார்டு. ஒரு பருவத்தில் ஒரு மாகாணத்தில் ஒரு வேலைதான் நடக்கும். ஷோகுனின் நெருக்கடி முழுவதும் இந்த ஒற்றை விதியிலிருந்து வருகிறது. வரி வாங்கிய மாகாணத்தில் நெல் எடுக்க முடியாது. கோட்டை கட்டும் மாகாணத்தில் படை சேர்க்க முடியாது. முக்கியமாக, ஐந்து கட்டைகளை இறக்கிய மாகாணத்திலிருந்து அதே பருவத்தில் படையெடுக்க முடியாது. புதியவர்கள் பத்தில் எட்டுப் பேர் இதில்தான் சறுக்குவார்கள். எல்லையில் படையைக் குவித்து அங்கிருந்தே பாயலாம் என்று எண்ணி, கார்டு வைக்கும்போது திகைத்து நிற்பார்கள். வழி இரண்டு. இந்தப் பருவம் குவித்து அடுத்த பருவம் பாய்வது ஒன்று. உள்நாட்டு மாகாணத்தில் நிற்கும் கட்டைகளை ஒரு நகர்வு வேலை மூலம் எல்லைக்குத் தள்ளி, எல்லை மாகாணத்தின் கார்டைப் படையெடுப்பில் வைப்பது மற்றொன்று. இரண்டாவது வழிக்கு நகர்வு முந்தி, படையெடுப்பு பிந்தி வர வேண்டும். அந்த இரண்டும் திறந்த ஐந்து கார்டுகளில் இருந்தால் துணிந்து செய்யலாம். கவிழ்ந்த பகுதியில் இருந்தால் அது முழுக்க யூகம்.

வரைபடத்தில் வட்டாரத்துக்கு 9 வீதம் 45 மாகாணங்கள். ஐந்து பேர் ஆடினால் தொடக்கத்தில் யாரிடமும் பத்து மாகாணம் இருக்க வழியில்லை. ஆகவே சில வேலைகளை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பணமும் அதையேதான் சொல்கிறது: மூன்று கட்டடத்துக்கும் 6 பணம், மூன்று படை சேர்ப்புக்கும் 6 பணம், ஆக 12. பருவத்துக்கு ஒருமுறைதான் வரி. 6 பணம் தரும் மாகாணத்தில் வாங்கினாலும் தேவையில் பாதிதான் வரும். நன்றாக ஆடுபவர்கள் முதல் வசந்தத்தில் கட்டடத்திலும் ஐந்து கட்டைப் படை சேர்ப்பிலும் கை வைத்து, மற்ற படை வேலைகளில் பெரும்பாலும் வெற்றுக் கார்டு வைப்பதைப் பார்க்கலாம்.

வேலை முறை வருவதற்குள் அந்த மாகாணம் பறிபோனால் வேலையும் போயிற்று. எதிரி எங்கே கோட்டை கட்டப்போகிறார் என்று ஊகித்து, படையெடுப்பு முன்னால் வரும் பருவத்தில் அந்த இடத்தைப் பிடிப்பது மிகக் கடுமையான அடி. பிடித்த மாகாணத்தின் கார்டு உங்கள் கைக்கு வந்தாலும், அதை அடுத்த பருவத்தில்தான் பயன்படுத்தலாம்.

ஏலமும் நிகழ்வும்

யார் முந்தி ஆடுவது என்பதற்கு மறைவான ஏலம். 0 முதல் 4 வரை பணக் கார்டுகள் கையில் இருக்கும். ஒன்றை ஏல இடத்தில் வைக்க வேண்டும். அதிகம் கேட்டவர் முதலில் தேர்ந்தெடுப்பார். அவர் தேர்ந்தெடுப்பது வரிசையில் ஓர் இடமும் அதோடு வரும் சலுகையும்: வரியில் 1 பணம் கூடுதல், நெல்லில் 1 கூடுதல், ஐந்துக்குப் பதில் ஆறு கட்டை, தாக்கும்போது 1 கட்டை கூடுதல், காக்கும்போது 1 கட்டை கூடுதல். சலுகைகள் எந்த இடத்தில் விழுந்திருக்கின்றன என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். வரிச் சலுகைக்கு 1 பணத்துக்கு மேல் கேட்பதில் பொருளில்லை, வரவே ஒன்றுதான். வரிசையில் முன்னிடம் உயிர்போகும் அவசரமாக இருந்தால் மட்டுமே 3, 4 கேட்கலாம். இரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில், கடைசிப் படையெடுப்பு வேலையில் கடைசியாக ஆடுபவருக்குப் பதிலடி பயமே கிடையாது. அந்த இடம் விலைபோகும் பருவம் அது ஒன்றுதான்.

நிகழ்வு கார்டுகள் ஆண்டுக்கு நான்கு, திறந்தே இருக்கும். மூன்று பருவங்களுக்கு மூன்று குலுக்கலில் போகும். எஞ்சிய நான்காவது கார்டில் உள்ள எண்தான் குளிர்கால நெல் அழிவு. நிகழ்வு எது என்பது எல்லோரும் திட்டம் வைத்த பிறகே தெரியும். ஆக, இலையுதிர் காலத்துக்குத் திட்டமிடும்போது மேசையில் இரண்டு கார்டுகள் இருக்கும். அவற்றில் ஒன்றுதான் குளிர்கால அழிவைத் தீர்மானிக்கும். இரண்டில் பெரிய எண்ணை எடுத்து, அதோடு உங்கள் மாகாண எண்ணிக்கையையும் இந்தப் பருவம் பிடிக்கப்போகும் மாகாணங்களையும் கூட்டுங்கள். அதுதான் உங்களுக்கு வேண்டிய நெல். அது கைக்கு வராது என்று தெரிந்தால் படையெடுப்பை விட்டுவிட்டு, அந்தக் கார்டை வேறு வேலைக்குக் கொடுங்கள். இலையுதிர் காலத்தில் இரண்டு மாகாணம் கூடுதலாகப் பிடித்து நெல் பற்றாமல் போனால், அந்த இரண்டும் தந்த 2 புள்ளிக்கு மேல் கிளர்ச்சியில் இழக்க நேரும்.

ஒரு மாதிரிக் கணக்கு: ஆண்டுக்கு மூன்று நெல் பறிமுதல்தான். மூன்றையும் 4 நெல் தரும் மாகாணங்களில் செய்தால் 12. அழிவு 4 என்றால் மீதி 8. எட்டு மாகாணம் வரை நிம்மதி. ஒன்பதாவது மாகாணம் வேண்டுமென்றால் ஒரு பறிமுதலாவது 5 நெல் மாகாணத்தில் நடந்திருக்க வேண்டும். விரிவு அடைய நினைப்பவர் வசந்தத்திலேயே வளமான நெல் மாகாணத்தைத் தொட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

கிளர்ச்சிக் குறி

வரி வாங்கினாலோ நெல் எடுத்தாலோ அந்த மாகாணத்தில் ஒரு கிளர்ச்சிக் குறி விழும். முதல் முறை ஒன்றும் ஆகாது. அதே ஆண்டில் அதே மாகாணத்தை மறுபடி கறந்தால், உழவர்கள் எழுவார்கள். அவர்களோடு சண்டையிட்டு வென்றால்தான் வரியோ நெல்லோ கிடைக்கும்.

ஆண்டுக்கு மூன்று வரி, மூன்று நெல் என்றால் ஆறு வெவ்வேறு மாகாணங்கள் வேண்டும். கிளர்ச்சியில்லாமல் ஓர் ஆண்டை ஓட்ட இதுதான் கணக்கு. வசந்தத்திலேயே ஆறையும் மனதில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்: எவை பணத்துக்கு, எவை நெல்லுக்கு. பணமும் நெல்லும் இரண்டும் நன்றாகத் தரும் மாகாணத்தை வரிக்குச் செலவழித்துவிட்டு, கோடையில் நெல்லுக்குத் தேடுவது வழக்கமான தவறு.

இதில் இன்னொரு நுட்பம் இருக்கிறது, முதல் ஆட்டத்தில் யாரும் கவனிப்பதில்லை. உங்கள் மாகாணம் தாக்கப்படும்போது அதில் கிளர்ச்சிக் குறி இல்லையென்றால், கோபுரத்திலிருந்து விழும் பச்சைக் கட்டைகள் உங்கள் பக்கம் நின்று போரிடும். குறி இருந்தால் அவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். எனவே எல்லை மாகாணங்களைத் தொடாமல், உள்ளே இருப்பவற்றில் வரியும் நெல்லும் எடுங்கள். கோட்டை நிற்கும் எல்லை மாகாணத்தில் ஒருபோதும் வரி வாங்காதீர்கள். எதிர்ப்பக்கமிருந்து பார்த்தால், எதிரியின் எந்த மாகாணத்தில் குறி இருக்கிறதோ அதுதான் தாக்க ஏற்ற இடம்.

வரலாற்றோடு இந்த விதி பொருந்தும் விதம் மனதைத் தொடுகிறது. காகா மாகாணத்தில் 1488-இல் இக்கோ இக்கி என்ற கூட்டணி தன் ஆளுநரை வீழ்த்தி, ஏறத்தாழ நூறாண்டு, 1580 வரை அந்த நாட்டைத் தன் கையில் வைத்திருந்தது. உழவர்களும் கீழ்நிலைச் சாமுராய்களும் பௌத்தத் துறவிகளும் சேர்ந்த கூட்டணி அது. அதை நொபுனாகாவின் படைகள்தான் ஒடுக்கின. ஹிதெயோஷி 1588-இல் உழவர்களிடமிருந்து வாளைப் பறிக்க ஆணையிட்டதும் இந்த அச்சத்தின் தொடர்ச்சியே. ஒரு டைமியோவின் பலத்தையே நெல்லால், கொக்கு என்ற அளவால், மதித்த நாடு அது. மாகாணங்களில் நெல் எண்ணை அச்சிட்டு, உழவர்களை ஆறாவது தரப்பாகக் கோபுரத்துக்குள் வைத்தது இந்த ஆட்டத்தின் மிகச் சரியான முடிவு. நோ அரங்குகூட ஒப்புக்கு வைத்ததல்ல. ஹிதெயோஷி தாமே நோ மேடையேறி நடித்தவர்.

கோபுரம்

பகடை இல்லை. போர் வந்தால் தாக்குபவரின் கட்டைகள், காப்பவரின் கட்டைகள், கோபுரத்தின் அடியில் உள்ள தட்டில் ஏற்கனவே கிடக்கும் எல்லாக் கட்டைகள், இத்தனையையும் ஒன்றாகக் கையில் அள்ளிக் கோபுரத்தின் வாயில் போட வேண்டும். உள்ளே ஓட்டை வெட்டிய உள்தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. சில கட்டைகள் அங்கே சிக்கிக்கொள்ளும். முன்பு சிக்கியவை சில இப்போது விழும். தட்டில் வந்து விழுந்தவற்றில் போரிடும் இரு நிறங்களையும், உழவர்கள் காப்பவர் பக்கம் நின்றால் பச்சையையும் மட்டும் பார்த்து, ஒன்றுக்கு ஒன்று நீக்க வேண்டும். மிஞ்சிய நிறம் வென்றது; மிஞ்சியவை மாகாணத்தில் நிற்கும். மூன்றாமவரின் கட்டைகள் தட்டிலேயே கிடந்து அடுத்த போரில் மறுபடி உள்ளே போகும். இரு பக்கமும் சமமாக அழிந்தால் மாகாணம் யாருக்கும் இல்லை. அங்கிருந்த கட்டடங்களும் போய்விடும்.

பகடையைவிட இது உயர்ந்தது என்பதற்குக் காரணம் வேடிக்கையில் இல்லை. கோபுரத்துக்கு நினைவு உண்டு. ஐந்து கட்டை போட்டு இரண்டுதான் விழுந்தது என்றால் மற்ற மூன்றும் அழியவில்லை, உள்ளே காத்திருக்கின்றன. அடுத்த உங்கள் போரில் அவை விழ வாய்ப்புக் கூடுகிறது. உங்கள் நிறத்தில் எத்தனை உள்ளே போயின, எத்தனை வெளியே வந்தன என்று மனதில் ஓட்டிக்கொண்டே இருந்தால், எப்போது துணியலாம் என்று தெரியும். உள்ளே உங்களுடையது நிறைய, எதிரியுடையது குறைவு என்றால் மூன்றுக்கு இரண்டிலும் பாயலாம். அது தெரியாத நிலையில், காப்பவரைப் போல இருமடங்கும் அதற்கு மேல் ஒன்றும் கொண்டுபோவது எங்கள் பரிந்துரை. படையெடுக்கும் மாகாணத்தில் ஒரு கட்டையாவது பின்னால் நிற்க வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஆறு இருந்தால் ஐந்துதான் போகும்.

பயன்படுத்தும் முறையில் சில எச்சரிக்கைகள். கட்டைகளை ஒவ்வொன்றாகப் போடாதீர்கள், ஒரே வீச்சில் போடுங்கள். ஒவ்வொன்றாக விழுந்தால் உள்தட்டில் மெல்ல உட்கார்ந்துகொள்ளும், முன்பு சிக்கியவற்றைத் தள்ளாது. மேசை சரிந்திருந்தாலும் கோபுரம் சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கமே கட்டைகள் குவியும். ஆட்டத்தின் நடுவே கோபுரத்தைத் தூக்கவோ தட்டவோ கூடாது. உள்ளே இருப்பது ஐந்து பேரின் சேமிப்பு. அடித்தட்டில் கிடப்பவற்றை அள்ளிப்போட மறப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. பச்சைக் கட்டைகள் வெளியே தேங்கிவிட்டால் காப்பவருக்கு வரவேண்டிய உதவி வராமல் போகும்.

எதைத் தாக்குவது என்பதற்கும் புள்ளிக் கணக்கே விடை. வெறும் மாகாணம் பிடித்தால் குளிர்காலத்துக்கு 1 புள்ளி, அதோடு 1 நெல் செலவு. ஆனால் ஒரு வட்டாரத்தில் எதிரியிடம் ஒரே கோட்டை, மற்றவர்களிடம் எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதைப் பிடித்தால் உங்களுக்கு மாகாணம் 1, கோட்டை 1, முதலிடம் 3 என ஐந்து. அவருக்கு அதே ஐந்து நஷ்டம். ஒரே போரில் பத்துப் புள்ளி இடைவெளி. இதற்கு ஈடாக வேறெந்த வேலையும் இந்த ஆட்டத்தில் இல்லை. அதனாலேயே கோட்டையைக் கட்டிவிட்டு ஒற்றைக் கட்டையோடு விட்டுவிடக் கூடாது. எல்லையில் கட்டாமல் முதுகுப்புறம் கட்டுவது, அல்லது கட்டிய அடுத்த பருவமே ஐந்து கட்டைகளை இறக்குவது, இரண்டில் ஒன்று கட்டாயம்.

சொல்லிக்கொடுக்கும் வரிசை

புதியவர்களோடு உட்காரும்போது இப்படிப் போங்கள். முதலில் குளிர்காலம்: நெல், பிறகு புள்ளி. அடுத்து கோபுரத்தில் ஒரு மாதிரிப் போர். இரண்டு நிமிடம் போதும். மூன்றாவதாகப் பத்து வேலைகள், ஒரு மாகாணத்துக்கு ஒரு வேலை. கிளர்ச்சிக் குறி அதன் பின். ஏலத்தையும் சலுகைகளையும் கடைசியில் சொல்லுங்கள். முதல் வசந்தத்தின் திட்டத்தை எல்லோரும் திறந்து வைத்து ஆடிப் பார்ப்பது நல்லது. படை சேர்த்த இடத்திலிருந்து தாக்க முயல்வது, ஒற்றைக் கட்டை மாகாணத்தைப் படையெடுப்பில் வைப்பது போன்ற தவறுகள் அங்கேயே திருந்திவிடும். கோடையிலிருந்து மறைவாக ஆடலாம்.

ஐந்து பேரோடு முதல் ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். பழகியவர்கள் இரண்டு மணி நேரத்தில் முடிப்பார்கள். நேரம் ஓடுவது திட்டமிடும்போதுதான். ஒருவர் யோசித்துக்கொண்டே இருந்தால் நான்கு பேர் காத்திருக்க நேரும். ஒரு மணற்கடிகாரம் வைத்துக்கொள்வதில் தவறில்லை.

குறைகளும் இருக்கின்றன. பழைய ஜப்பானிய மாகாணப் பெயர்கள் பழகும்வரை வரைபடத்தில் தேடித் தேடிக் கண் வலிக்கும். முதல் ஆண்டில் அதிகம் பின்தங்கியவருக்கு மீள ஒரே ஆண்டுதான். அவர் வெல்ல வழியின்றி, யாரைத் தாக்குவது என்ற முடிவால் வேறொருவரின் வெற்றியைத் தீர்மானிக்கும் நிலை வரும். இது எங்களுக்குப் பிடிக்காத பகுதி. மூன்று பேர் ஆடும்போது வரைபடத்தில் இடம் தாராளமாக இருப்பதால் உரசல் குறைந்து, கட்டடப் போட்டியாகச் சுருங்கிவிடுகிறது. நான்கு பேர் நன்று, ஐந்து பேர் மிக நன்று. பகைவரைப் பகையாளியாகவே நேருக்கு நேர் சந்திக்க விரும்புபவருக்கு, ஒவ்வொரு சண்டையையும் ஒரு பருவம் முன்பே திட்டமிட வேண்டிய இந்த ஆட்டம் பொறுமையைச் சோதிக்கும். அவர் 1986 ஆட்டத்தின் வழிவந்த இக்குசாவைப் பார்க்கலாம்.

2010-இல் டென்னோஸ் கோர்ட் என்ற விரிவாக்கம் வந்தது. அடிப்படை ஆட்டத்தின் நெல் கணக்கு கைவந்த பிறகு அதைச் சேர்ப்பது நல்லது. முதல் நாளே சேர்த்தால் கவனம் சிதறும். வரைபடத்தின் மறுபக்கத்தையும் அப்படியே பிறகு திருப்பிக்கொள்ளலாம்.

பழைய பிரதி வாங்குபவர்கள் மூன்றைச் சரிபார்க்கவும். மாகாண கார்டுகள் 45-ம் இருக்கின்றனவா என்று வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் அந்த மாகாணத்தில் யாரும் எந்த வேலையும் செய்ய முடியாது. கோபுரத்தின் உள்தட்டுகள் மடியாமல், அதனதன் இடத்தில் பொருந்தியிருக்கின்றனவா என்று மேலிருந்து எட்டிப் பாருங்கள். கட்டைகளில் நிறத்துக்கு இரண்டு மூன்று குறைந்திருந்தால் பெரிய பாதிப்பில்லை, அதற்காக விலை பேசி வாங்கலாம். ஆனால் எண்ணுவதற்கு முன் கோபுரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டுங்கள். காணவில்லை என்று தோன்றும் கட்டைகளில் சில, முன்பு ஆடியவர்கள் எடுக்க மறந்து உள்ளேயே தங்கியிருக்கும்.